தபால் ஆபீஸ் ஏஜென்சி எடுக்கலாமா டாக்டர்?

திருநின்றவூரில் கிளினிக் வச்சிருக்கிற யாருக்கும் இது தெரியும். நோயாளி மருந்துச் சீட்டை மடிச்சு பையில வச்ச பிறகுதான் உண்மையான சந்தேகத்தைக் கேட்பாங்க. போன மாசம் வந்தவருக்கு 56 வயசு. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல பல வருஷம் வேலை, இப்ப விருப்ப ஓய்வு. கையில சுமார் 10 லட்சம். பிரஷர் 170/100. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறார், உப்பும் குறைச்சாச்சு. தூக்கம் மட்டும் இல்ல.

காரணம் செல்போன்ல இருந்தது. "மத்திய அரசு தபால் நிலைய ஃபிரான்சைஸ், வீட்டில் இருந்தபடியே மாதம் 50,000 வரை"ன்னு ஒரு விளம்பரம். நடுவுல ஒரு ஆள், "பதிவுக் கட்டணம்" இரண்டரை லட்சம்னு சொல்லியிருக்கார். கடை அட்வான்ஸ், கண்ணாடிக் கதவு, கம்ப்யூட்டர், பிரிண்டர்னு இன்னொரு மூணு லட்சம். மக கல்யாணம் இன்னும் பாக்கி. "அரசாங்க விஷயம்தானே சார், பணம் எங்க போகப்போகுது?"ன்னு கேட்டார்.

இதே கேள்வியை அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. அதனால பொதுவாவே எழுதிடறேன், உங்க வீட்லயும் யாராவது யோசிச்சுட்டு இருக்கலாம்.

முதல்ல, இந்தத் திட்டம் பொய் இல்லை. இந்திய அஞ்சல் துறைக்கு ஃபிரான்சைஸ் திட்டம் உண்மையாவே இருக்கு. ரெண்டு வகை. ஒண்ணு, கவுன்ட்டர் வச்சு விரைவுத் தபால், மணியார்டர் எல்லாம் வாங்குற கடை. இன்னொண்ணு, ஸ்டாம்பும் உறையும் மட்டும் விக்கிற ஏஜென்ட். தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை உங்களுது இல்லை, அது துறையோடது. சேமிப்புக் கணக்கு, ஆர்.டி. எல்லாம் இந்தக் கடைக்கு வராது. "சின்ன தபால் ஆபீஸ்"னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற பாஸ்புக் வரிசை அங்க இருக்காது.

இதுக்கு எவ்வளவு பணம் தேவைன்னு கேட்டா அந்த நடுவாளுக்கு ஏன் கோபம் வருதுன்னு புரியும். திட்டம் போட்டபோது வச்ச குறைந்தபட்சப் பாதுகாப்பு வைப்பு 5,000 ரூபாய். லட்சம் இல்லைங்க, ஆயிரம். அதையும் தேசிய சேமிப்புப் பத்திரமா, அதாவது என்.எஸ்.சி.யா அடமானம் வைக்கணும். உங்க தினசரி வரவு கூடினா வைப்பும் கூடும். படிப்பு எட்டாம் வகுப்பு, வயசு 18 போதும்னுதான் ஆரம்பிச்சாங்க. விண்ணப்பம் உங்க பகுதி அஞ்சல் கோட்ட அலுவலகத்துக்குப் போகும். அதிகாரி நேர்ல வந்து இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். இதுல புரோக்கருக்கு இடமே இல்லை. இரண்டரை லட்சம் கேக்கிறவர் எந்த ஆபீஸ் பேர்ல ரசீது தருவார்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

சரி, புரோக்கரை விடுவோம். நேர்வழியில எடுத்தா என்ன வரும்? திட்ட ஆவணத்துல இருந்த கமிஷன் இது: விரைவுத் தபால் ஒண்ணுக்கு 5 ரூபாய், பதிவுத் தபாலுக்கு 3 ரூபாய், மணியார்டருக்கு மூன்றரையோ அஞ்சோ, ஸ்டாம்ப் விற்பனையில 5 சதவீதம். (2025ல பதிவுத் தபாலை விரைவுத் தபாலோட சேர்த்தாச்சு, அதனால எல்லாத்துக்கும் 5 ரூபாய்னே வச்சுக்குவோம்.) மாசம் ஆயிரம் தபாலைத் தாண்டினா 20 சதவீதம் கூடுதல்.

தாராளமாவே கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 40 விரைவுத் தபால், மாசம் 25 நாள். ஆயிரம் ஆச்சு. 5,000 ரூபாய், கூடுதலும் கிடைச்சதா வச்சுக்கிட்டா இன்னொரு ஆயிரம். ஸ்டாம்ப் 10,000க்கு வித்தா 500. மொத்தம் 6,500. இதுல கடை வாடகை, கரன்ட், இன்டர்நெட், சாயங்காலம் தபாலையும் பணத்தையும் உங்களுக்கு ஒதுக்கின அஞ்சலகத்துல ஒப்படைக்கப் போற பெட்ரோல். நாளைக்கு 40 பேர் வரலைன்னா? 15 பேர்தான் வந்தா கமிஷன் 1,875. என்கிட்ட வர்ற நோயாளிங்கள்ல கடைசியா விரைவுத் தபால் எப்ப அனுப்பினாங்கன்னு கேட்டா பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை.

நம்ம ஊர்ல பூசலார் மனசுக்குள்ளயே கோயில் கட்டினார், சாமி வந்து குடியேறிட்டார். கடையை மனசுல கட்டினா வீட்டு ஓனர் மட்டும்தான் வருவார், ஒண்ணாந் தேதி.

"லண்டன்ல எங்க சொந்தக்காரர் தபால் ஆபீஸ் வாங்கி நல்லா இருக்காரே"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. இங்கிலாந்துல மளிகைக் கடையோட சேர்ந்த தபால் கவுன்ட்டரை விலைக்கு வாங்கி நடத்துறது பழைய வழக்கம். நம்ம ஆளுங்களும் குஜராத்திகளும் நிறைய. ஆனா அங்கயும் நீங்க வாங்குறது கடையைத்தான். தபால் ஒப்பந்தம் தானா கைமாறாது, அந்த நிறுவனம் உங்களை ஏத்துக்கணும். கல்லாவுல குறைஞ்சா கவுன்ட்டர் நடத்துறவர்தான் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் போகும்னு உலகமே பார்த்துச்சு. 1999ல இருந்து ஹொரைசான்னு ஒரு கணக்கு மென்பொருள், ஃபுஜிட்சு கொடுத்தது. இல்லாத பற்றாக்குறையைக் காட்டுச்சு. 900க்கும் மேற்பட்டவங்களுக்குத் திருட்டு, மோசடின்னு தண்டனை. சீமா மிஸ்ராங்கிற பெண் 2010ல ரெண்டாவது குழந்தையை வயித்துல சுமந்துக்கிட்டு ஜெயிலுக்குப் போனாங்க. அன்னிக்கு மூத்த பையனோட பத்தாவது பிறந்தநாள். 2024ல நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து பண்ணுச்சு. நம்ம ஊர்த் திட்டத்துல தொகை சின்னது, அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் பலகைல அரசாங்கப் பேர் இருக்கிறதால உங்க பணத்துக்கு அரசாங்க உத்தரவாதம் கிடையாது. வைப்பு நிதிக்கும் ஏஜென்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இதைத்தான் அவருக்குப் புரிய வைக்க ரொம்ப நேரம் ஆச்சு.

அப்போ யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஸ்டேஷன் ரோட்லயோ கல்லூரி பக்கமோ ஏற்கெனவே ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வச்சிருக்கீங்களா? வாடகை எப்படியும் கொடுக்கறீங்க, ஆளும் உக்காந்திருக்கார். விரைவுத் தபால் அனுப்ப வர்றவர் ரெண்டு ஜெராக்ஸ் எடுப்பார், ஒரு கவர் வாங்குவார். வீட்ல இருந்து சேலை, நகை வாட்ஸ்அப்ல விக்கிற பெண்கள் நம்ம ஏரியாவுல நிறைய இருக்காங்க, தினம் பார்சல் போடுறவங்க. அவங்கள்ல பத்துப் பேர் உங்ககிட்ட வந்தா உபயோகம்தான். எடுக்கிற முன்னாடி ஒரு வாரம் பக்கத்து அஞ்சலகத்துலயும் கூரியர் கடையிலயும் சாயங்காலம் நின்னு எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணுங்க. அப்புறம் ஒண்ணு, உங்க குடும்பத்துல யாராவது அதே கோட்டத்துல தபால் ஊழியரா இருந்தா உங்களுக்குத் தகுதி இல்லை.

ஓய்வுப் பணத்தை நம்பி இருக்கறவர் விஷயம் வேற. நான் அவர்கிட்ட சொன்னது: அண்ணே, அதே தபால் ஆபீசுக்குப் போங்க, ஆனா கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயசானவங்களுக்கு மட்டும்னு பலர் நினைக்கிறாங்க. 55ல இருந்து 60க்குள்ள ஓய்வோ விருப்ப ஓய்வோ வாங்கினவங்களும், ஓய்வுப் பலனா வந்த தொகைக்குள்ள, போடலாம். 2023 ஏப்ரல்ல இருந்து வட்டி 8.2 சதவீதம். 10 லட்சம் போட்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை 20,500 ரூபாய். மாசத்துக்குப் பிரிச்சா 6,800க்கு மேல. நாளைக்கு 40 தபால் வாங்கினா வர்றதை விடக் கூட, கடை திறக்காமலே. வட்டிக்கு வருமான வரி உண்டு, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா கொஞ்சம் பிடிப்பாங்க. அதனால கல்யாணச் செலவுக்கு வேண்டியதைத் தனியா வச்சுட்டு மிச்சத்தைப் போடச் சொன்னேன். கைகால் சும்மா இருக்க முடியலைன்னா தெரிஞ்ச கடையில பகுதிநேர வேலை பாருங்க, பிரஷருக்கும் நல்லது.

ஒரு கெடு இருக்கு. 60 வயசுக்கு முன்னாடி ஓய்வு வாங்கினவங்க, பணம் கைக்கு வந்த நாள்ல இருந்து 3 மாசத்துக்குள்ள கணக்கைத் திறக்கணும். முன்னாடி ஒரு மாசம்தான் இருந்தது, 2023 நவம்பர்ல கூட்டினாங்க. பணம் வந்த தேதிக்கும், ஓய்வு வாங்கின விவரத்துக்கும் கம்பெனி எழுத்துல சான்று கொடுக்கணும். ஹெச்.ஆர்.ல உங்களை ஞாபகம் வச்சிருக்கிற ஆள் இருக்கும்போதே அதை வாங்கிடுங்க.