வடதிசை விருந்தினர் தங்கும் கரைவெட்டி

திருக்கயிலாயத்தையும் மானசரோவரத்தையும் ஒருமுறையேனும் தரிசிக்க வேண்டும் என்று எண்ணாத சிவனடியார் இல்லை. ஆயினும் அந்த வடதிசைப் பயணம் எல்லோருக்கும் கைகூடுவதில்லை. மானசரோவரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,590 மீட்டர் உயரத்தில் உள்ளது. மத்திய அரசு நடத்தும் யாத்திரைக்கு 70 வயதே மேல்வரம்பு. முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உள்ள முதியோர், படத்தில் கண்டு கைகூப்புவதோடு மனநிறைவு கொள்ள வேண்டியிருக்கிறது.

அவர்கள் செல்ல இயலாத அந்த உயர்நிலங்களிலிருந்து ஆண்டுதோறும் விருந்தினர் சிலர் நம் சோழநாட்டுக்கு வந்து தங்கிச் செல்கின்றனர். அவர்களைக் காணும் இடம், அரியலூர் மாவட்டம் திருமானூரை அடுத்த கரைவெட்டி ஏரி.

சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி 1999-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குரிய ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. வடகிழக்குப் பருவமழையும், புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வரும் காவிரி நீரும் ஏரியை நிரப்புகின்றன. அந்நீரே சுற்றியுள்ள வயல்களில் நெல்லும் கரும்பும் விளையத் துணைசெய்கிறது. ஏறக்குறைய 198 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியுள்ளன.

அவற்றுள் முதன்மையான விருந்தாளி வரித்தலை வாத்து. வெண்ணிறத் தலையின் பின்புறம் இரண்டு கரிய பட்டைகள் இருப்பதால் எளிதில் அடையாளம் காணலாம். மானசரோவரம் அமைந்துள்ள திபெத்தியப் பீடபூமியிலும், லடாக், மங்கோலியா முதலிய இடங்களின் ஏரிகளிலும் குஞ்சு பொரிக்கும் இனம் இது. குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து தெற்கே வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இது பறந்தது பதிவாகியுள்ளது. மனிதர் மூச்சுக்குத் திணறும் அந்த மெல்லிய காற்றிலும் பறப்பதற்கேற்ற இரத்தத்தையும் நுரையீரலையும் இறைவன் இதற்கு அளித்திருக்கிறான். வடமொழி நூல்கள் போற்றும் ஹம்ஸம் இப்பறவையே என்று கருதும் அறிஞர்களும் உண்டு.

சிவாலயங்களில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைத் தொழுவோர், முடியைத் தேடி அன்னமாய் மேலே பறந்த பிரமனையும் அங்கே காண்கின்றனர். அத்தனை உயரம் பறந்தும் அவனால் முடியைக் காண இயலவில்லை. உயரத்தால் எட்ட முடியாத இறைவன், அன்பர் இருக்கும் ஊரிலேயே எளியனாய் எழுந்தருளியிருக்கிறான் என்பதே அச்சிற்பம் உணர்த்தும் செய்தி. கயிலைக்குச் செல்ல இயலாதவர் ஏங்க வேண்டியதில்லை.

ஏரியில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கிளுவை முதலியனவும் கூட்டங்கூட்டமாக மிதக்கும். நெற்றியில் வெள்ளை நாமம் தரித்தாற்போன்ற நாமக்கோழியைக் கண்டால் வைணவ அன்பர்கள் மகிழ்வர்.

இங்கே செல்வோர் மறவாமல் கடைப்பிடிக்க வேண்டியது மௌனம். வெகுதொலைவு பறந்து களைத்து வந்த பறவைக்கு ஓய்வும் இரையுமே உயிர். ஒலிபெருக்கியும் வாகன ஒலிப்பானும் கூட்டத்தைக் கலைத்தால், திரும்பும் பயணத்துக்காக அது சேமித்த வலிமை வீணாகும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகவே தீபாவளிப் பட்டாசைத் துறந்த கிராம மக்கள் நமக்கு வழிகாட்டிகள்.

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. அங்கே மதுரகாளியம்மன் திருக்கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கப்படும். மற்ற நாட்களில் அம்மன் மலையில் உறைவதாக நம்பும் பக்தர்கள், அந்தத் தனிமையைக் குலைக்க விரும்பாமல் காத்திருக்கின்றனர். தெய்வத்துக்குத் தரும் அந்த மரியாதையில் ஒரு பங்கைப் பறவைகளுக்கும் தருவது தருமமே ஆகும்.

பயணத்தைத் திட்டமிடும் முறை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். சென்னை - திருச்சி தடத்திலுள்ள அரியலூரில் இரயிலிலிருந்து இறங்கலாம். பெரம்பலூரில் இரயில் நிலையம் இல்லை. அங்கிருந்து வருவோர் சாலை வழியே அரியலூரை அடையலாம். முதல்நாள் மாலை அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சியில், கற்கம்பமாக வழிபடப்பெறும் கலியுக வரதராசப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அரியலூரிலேயே இரவு தங்குவது நலம்.

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டு, தஞ்சாவூர்ச் சாலையில் சென்று, வெயில் ஏறுமுன் ஏரிக்கரையை அடைய வேண்டும். குடிநீர், சிற்றுண்டி, மருந்து, கைத்தடி, இருநோக்கி ஆகியவற்றை உடன் கொண்டு செல்வது நன்று. பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்க்கலாம். கொண்டுசென்ற நெகிழிப் பைகளைத் திரும்ப எடுத்து வருவது கடமை. மழை பொய்த்த ஆண்டில் நீரும் பறவையும் குறைவாக இருக்கும் என்பதால், வனத்துறையினரிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

திரும்பும் வழியில் கீழப்பழுவூர் ஆலந்துறைநாதரைத் தரிசிக்கலாம். ஞானசம்பந்தர் பாடிய தலம் இது. பரசுராமர் வழிபட்டதாகத் தலவரலாறு கூறும். 'பழு' என்றால் ஆலமரம். ஆலம்பழத்தை நாடிப் பறவைகள் கூடும் மரமே இறைவனுக்கும் நிழலானது. நேரமிருப்பின், கொள்ளிடத்தின் வடகரையில் மூவர் பாடல் பெற்ற திருமழபாடி வைத்தியநாதரையும் வணங்கலாம். பங்குனியில் நந்தியெம்பெருமானின் திருக்கல்யாணம் நடைபெறும் தலம் இது.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் கங்கைகொண்ட சோழபுரம் செல்லலாம். வடக்கேயிருந்து கங்கைநீரைக் கொண்டுவர முதலாம் இராசேந்திரன் பெரும்படையை அனுப்பினான். அந்த வெற்றியின் நினைவாகச் சோழகங்கம் என்னும் ஏரியை அமைத்தான். அதே மாவட்டத்தின் கரைவெட்டிக்கு வடதிசைப் பறவைகள் எவர் ஏவலும் இன்றி இன்றும் வருகின்றன. ஏரியில் நீரும் கரையில் அமைதியும் இருக்கும்வரை அவ்வரவு தொடரும். அவற்றைக் காப்பதும் சிவத்தொண்டே.