கையை வெளியே வை

மிஸ்ஸி எனக்கு முதலில் கொடுத்த வேலை எடை போடுவது. மாவு நிறுக்கும் சமையலறைத் தராசு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் ஒரு பிடி புல். புல்லில் வாய் வைத்துவிட்டால் கினிப்பன்றி ஆடாமல் நிற்கும், தராசின் எண்ணும் நிற்கும். அந்த நொடியில் பார்த்து எழுதிவிட வேண்டும். தேதி, கிராம், புழுக்கையின் அளவு, எழுதியவர் கையெழுத்து. இப்படிக் கட்டம் போட்ட தாள் ஒவ்வொரு கூண்டின் மீதும் கிளிப்பில் தொங்கும். அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவரின் வீடு வேறெப்படி இருக்கும்?

வீடு பினாங்கின் ஜெலுத்தோங்கில், ஜாலான் பேராக்கிலிருந்து பிரியும் ஒரு சந்தில். தீபாவளி, சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை என்று வெளியூர் போகிறவர்கள் தங்கள் முயலையும் கினிப்பன்றியையும் அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அது அவருக்குப் பக்க வரும்படி. நான் கற்றுக்கொள்ளப் போனது வேறு ஒன்றை: துணை செத்துப்போன கினிப்பன்றிக்குப் புதுத் துணை சேர்த்துவைப்பதை. ஒரு செல்லப்பிராணிக் கடையில் கூண்டு துடைத்துத் தீவனம் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. அதற்கப்புறம் ஐந்து, ஆறு, சில சமயம் எட்டு வருஷம் அது எப்படிக் காலம் தள்ளுகிறது என்று கடையில் யாருக்கும் தெரியாது.

மிளகை ஒரு பெரியவர் கொண்டுவந்தார். பக்கத்து அடுக்குமாடியில் குடியிருப்பவர். மகள் படிக்கக் கோலாலம்பூர் போனபோது விட்டுப்போன இரண்டில் ஒன்று மிளகு. கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை, ஒரு கண்ணில் புரை, வயது ஐந்தைத் தாண்டிவிட்டது. கூட இருந்த உப்பு இறந்துபோயிருந்தது.

"உப்பு போனதுலேர்ந்து இது ஒரு மாதிரியா இருக்கு மிஸ்ஸி. ஐஸ்பெட்டியத் தொறந்தாக்கூடக் கத்த மாட்டேங்குது."

"கத்துறது கெடக்கட்டும் அண்ணே. திங்குதா?"

மிஸ்ஸி கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்கு அப்போது அது இரக்கமில்லாத கேள்வியாகப் பட்டது. காரணம் பிறகு விளங்கியது. கினிப்பன்றிக்குத் துக்கமும் பல்வலியும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும். மூலையில் ஒடுங்கும், மயிர் சிலிர்த்து நிற்கும், தின்னாது. அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கடைவாய்ப் பல் நீண்டு நாக்கின் மேல் வளைந்தால் தின்ன ஆசை இருந்தும் தின்ன முடியாது. தவிர, உப்பைக் கொண்டுபோன நோய் மிளகையும் தொட்டிருக்கலாம். அரை நாள் வயிறு காலியாகக் கிடந்தால் குடல் ஓட்டம் நின்றுபோகும். அதன்பின் சிரிஞ்சில் கூழ் புகட்டி மீட்பது பெரும்பாடு. அதனால் துணை தேடும் பேச்சே பிறகுதான். முதலில் கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்ட வேண்டும், தினமும் எடை பார்க்க வேண்டும். வழக்கமாக வாரத்துக்கு ஒருமுறை போடும் எடையைத் துணை இறந்த வீட்டில் மிஸ்ஸி தினமும் போடச் சொல்வார். 50 கிராம் குறைந்தால் கவனி, அதற்குமேல் போனால் வண்டியை எடு. இதுதான் அவர் கணக்கு.

மிளகுக்குப் பல் சரியாக இருந்தது. எடை கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றது. ஆக, குறை துணையில்தான்.

இதை மிகைப்பேச்சு என்று நினைப்பவர்கள் சுவிட்சர்லாந்தைப் பார்க்கலாம். அங்கே 2008-ல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிப்படி கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக் கூடாது. ஆனால் விதி வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. இரண்டில் ஒன்று செத்தால் இன்னொன்று வாங்க வேண்டும். பிறகு பழையது சாகும், புதியது தனியாக நிற்கும், அதற்கு இன்னொன்று. கினிப்பன்றி வளர்ப்பிலிருந்து விடுபட நினைக்கும் வீட்டுக்கு அந்தச் சங்கிலி அறுவதே இல்லை. சூரிச் பக்கம் ஒரு பெண்மணி இதற்கென்றே துணைக் கினிப்பன்றிகளை வாடகைக்குக் கொடுத்துவந்ததாகச் செய்தி வந்தது. படித்தபோது சிரித்தேன். மிஸ்ஸி சிரிக்கவில்லை. "நல்ல யோசனைதான். கெழத்துக்குக் கடைசிவரைக்கும் ஆள் உண்டு, வீட்டுக்காரருக்கும் பாரம் இல்ல" என்றார்.

பெரியவருக்கும் அதே கவலை. தனக்கு வயது எழுபதைத் தாண்டியாயிற்று, இனி ஒரு குட்டியை வாங்கி எட்டு வருஷம் வளர்க்கத் தெம்பு இல்லை என்றார். அதனால் குட்டி வேண்டாம் என்று முடிவாயிற்று. குட்டியைக் கிழங்கள் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அது ஓயாமல் துள்ளும், கிழத்தின் வயிற்றுக்கடியில் முட்டும், சில மாதத்தில் வளர்ந்து நீயா நானா என்று நிற்கும். விதை நீக்கிய ஆணைச் சேர்ப்பது நல்ல ஜோடி. அதற்கு அறுவை முடிந்து ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும், அதுவரை அதனால் சினையாக்க முடியும். வயதான பெண் சினைப்பட்டால் உயிருக்கே ஆபத்து. முதல் பிரசவம் தள்ளிப்போன பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகி, குட்டி வெளியே வர வழி விடாது. கடைசியில் வீடு மாறிப்போகும் ஒரு குடும்பம் கொடுத்துவிட்ட, இரண்டு வயது மதிக்கத்தக்க, நிதானமான ஒரு பெண்ணை மிஸ்ஸி தேர்ந்தெடுத்தார். வைக்கோல் நிறம். பெயர் சோளம்.

பெண் என்பதை அவரே பார்த்து உறுதிசெய்துகொண்டார். கடைக்காரன் சொல்லை அவர் நம்ப மாட்டார், நான் கடைக்காரன் என்பதை மறந்து என் எதிரிலேயே அதைச் சொல்வார். குட்டியைக் கையில் மல்லாத்தி, குறிக்கு மேலே மெல்ல அழுத்தினால் ஆணுக்கு உறுப்பு வெளியே வரும், பெண்ணுக்கு ஆங்கில ஒய் எழுத்து வடிவில் மடிப்பு மட்டும் தெரியும். ஆண் குட்டி பிறந்த மூன்று வாரத்திலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட வேண்டியது. கடைகளில் எல்லாம் ஒரே தொட்டியில் கிடப்பதால், பெண் என்று வாங்கிப் போனது இரண்டு மாதம் கழித்துக் குட்டி போடுவதுண்டு.

சோளம் நேராக மிளகிடம் போகவில்லை. பின்னறையில் மூன்று வாரம் தனி வார்டு. காலையில் முதலில் மிளகின் கூண்டு வேலை, அதன்பின் சோளத்துடையது, இந்த வரிசை மாறக் கூடாது. சோளத்தின் அறைக்குள் வேறு மேலங்கி, வெளியே வந்ததும் முழங்கை வரை சோப்பு. பினாங்கின் ஈரக் காற்றில் படர்தாமரை எளிதாகப் பிடிக்கும். கினிப்பன்றியிடமிருந்து அது மனிதனுக்கும் ஒட்டும். சொறி உண்ணி முதலில் கண்ணுக்கே தெரியாது, முதுகைச் சொறிந்து சொறிந்து வலிப்பு வரும் அளவுக்குப் போன பிறகுதான் தெரியும். மருந்துக்கு மருத்துவரைத்தான் கேட்க வேண்டும் என்பதில் மிஸ்ஸி கண்டிப்பு. வார்டில் நாளெல்லாம் நோயாளிகளுக்குக் கொடுத்த பென்சிலின் வகை மாத்திரை கினிப்பன்றியின் வாய்க்குள் போனால் குடலில் கெட்ட கிருமி பெருகி ஆளையே கொன்றுவிடும் என்று அவர் சொன்னபோது, அவர் குரலில் இன்னும் ஆச்சரியம் இருந்தது.

சேர்த்துவைக்கும் நாள். காலை ஏழு மணி, பசியாறுவதற்கு முன்பே தொடங்கினோம். ஜெலுத்தோங்கில் பத்து மணிக்கு மேல் ஓடு காய ஆரம்பித்துவிடும். 27, 28 டிகிரியைத் தாண்டினாலே கினிப்பன்றிக்கு வெக்கை தாளாது, அதிலும் சண்டை போட்டு மூச்சு வாங்குகிற கிழத்துக்கு. இடம் நடுக்கூடம். இருவரில் யாருடைய வாசனையும் படாத தரை. வழுக்காமல் இருக்கப் பழைய போர்வை, நடுவில் குவியலாகக் காய்ந்த புல், பசார் ஜெலுத்தோங்கில் வாங்கி வந்த பழப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல் வெட்டியிருந்தோம். ஒரே வாசல் என்றால் உள்ளே போனது பொறியில் மாட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு தடித்த துவாலை, ஒரு குப்பை முறம். உண்மையான சண்டை வந்தால் இடையில் விடுவதற்கு அவைதான், கை இல்லை. அந்தப் பல் விரலில் எலும்பு வரை இறங்கும்.

என் கையில் அட்டையும் பேனாவும் கொடுத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி: யார் என்ன செய்தது, யார் விலகியது, யார் தின்றது. "பேனா பிடிச்ச கை உள்ள போகாது" என்றார். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதி அந்தப் பேனாவில் இருக்கிறது.

மிளகு முதலில் நகரவில்லை. சோளம் புல் குவியலைச் சுற்றி வந்து மிளகின் பின்பக்கத்தை முகர்ந்தது. மிளகு திரும்பி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு உறுமல் எடுத்து, கரகாட்டக்காரி போல இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு அதை நோக்கி நடந்தது. பிறகு இரண்டும் முகத்துக்கு முகம் நின்று நாடியை மேலே தூக்கின. யார் மூக்கு உயரம் என்ற போட்டி. மிளகு முன்காலை ஊன்றி இன்னும் எம்பியது. சோளம் தலையைத் தாழ்த்தியது. உடனே மிளகு அதன் முதுகில் ஏறியது, சோளம் கத்திற்று பாருங்கள், தெருவில் போகிறவர் நின்று எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

என் உடம்பு முன்னே சாய்ந்தது. "கைய வெளிய வை தம்பி. எழுது."

அந்தக் கத்தல் வலியில் வருவது கிடையாது. 'நீ பெரியவள், ஒப்புக்கொண்டேன், விட்டுவிடு' என்பதுதான் அது. விலக்கிவிட்டால் யார் பெரியவள் என்பது தீர்மானமாகாமலே நிற்கும். அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், இன்னும் கோபத்தோடு. முதுகில் ஏறுவது, துரத்துவது, ஒரு வாய் மயிரைப் பிடுங்குவது எல்லாம் பேச்சுவார்த்தை. நாம் எழுந்திருக்க வேண்டிய இடம் வேறு: பல் நறநறப்பு நிற்காமல் தொடர்ந்தால், பிடரி மயிர் நட்டுக்கொண்டு நின்றால், வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டினால், துரத்துவது நின்று நேருக்கு நேர் பாய்ந்தால். இரண்டும் கட்டிப்புரண்டு உருண்டையானாலோ ரத்தம் வந்தாலோ துவாலையைப் போட்டுப் பிரித்துவிட வேண்டும், அன்றைக்கு அவ்வளவுதான். பல் நறநறப்பு ஒருமுறை வந்தது. மிஸ்ஸி துவாலையின் ஓரத்தைப் பிடித்தார், ஆனால் எடுக்கவில்லை. வந்த வேகத்தில் அது நின்றது.

பெரியவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். புதுத் துணை வந்ததும் மிளகு பழைய மிளகாகிவிடும் என்று நம்பி வந்தவர் அவர். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பெர்ட் சாக்சரும் சகாக்களும் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கைக்கு எதிரானது. புது இடத்தில் விடப்பட்ட ஆண் கினிப்பன்றியின் ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறும். அதோடு பிணைப்புள்ள பெண் கூட இருந்தால் அந்த ஏற்றம் நன்றாகக் குறையும். அறிமுகமில்லாத பெண் கூட இருந்தால் அந்தப் பலன் கிடைக்காது. வெறும் உடனிருப்பு ஆறுதலாகிவிடாது, பழக்கம் வேண்டும். மிஸ்ஸி இதையெல்லாம் படித்தவர் இல்லை. "அண்ணே, இன்னிக்கு அது உப்ப நெனச்சுக்கிட்டு இருக்காது, இவள எப்படி வெரட்டுறதுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கும். அதுவே நல்லதுதான்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது மணிக்குமேல் என் அட்டையில் 'தின்கிறது' என்ற சொல் அதிகமாக வரத் தொடங்கியது. குவியலின் இரண்டு எதிர்முனைகளிலிருந்து இரண்டும் தின்றன. பிறகு ஒரே பக்கத்திலிருந்து. சோளம் நீட்டி இழுத்த புல்லின் மறுமுனையை மிளகு வாயில் பிடித்து இழுக்க, சோளம் விட்டுக்கொடுத்தது. அந்த வரியின் அடியில் மிஸ்ஸி கோடு போடச் சொன்னார்.

இரண்டையும் ஒன்றாகக் குளிப்பாட்டினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் சேரும் என்று சொல்பவர்கள் உண்டு. எங்கள் கடையிலேயே அப்படிச் சொல்லி அனுப்புவார்கள். பயந்து ஒண்டுவதைப் பார்த்துவிட்டு சேர்ந்துவிட்டன என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஈரக் கிழத்துக்குச் சளி பிடித்தால் அதற்கு யார் பொறுப்பு?

சேர்ந்தபின் திரும்பப் பிரிக்கக் கூடாது, இரவுக்குக்கூட. பெரியவரின் பழைய கூண்டைத் தேய்த்துக் கழுவி, பழைய மர வீட்டைத் தூக்கிப் போட்டு, 120 சென்டிமீட்டர் நீளம் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு அடைப்பைப் பெரிதாக்கினோம். தண்ணீர் குப்பி இரண்டு, தட்டு இரண்டு, ஒளியுமிடம் இரண்டு. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் வைட்டமின் சி-யைத் தானே செய்துகொள்ளாது. ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 மில்லிகிராமாவது தீனியில் வர வேண்டும். அதற்குக் கொய்யாத் துண்டும் சிவப்புக் குடைமிளகாயும் போதும், ஆனால் இரண்டு தட்டிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரே தட்டில் வைத்தால் மிளகு சோளத்தை அண்டவிடாது. இன்னும் சில வாரம் உறுமலும் துரத்தலும் இருக்கும், பெண்களுக்கு 15, 16 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும்போது கூடும், பயப்பட வேண்டாம் என்று தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். மிஸ்ஸி வாசித்துப் பார்த்துவிட்டு 'வாரம் ஒருமுறை எடை' என்பதை மட்டும் சேர்த்தார்.

பெரியவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"மிஸ்ஸி, மிளகு போயிட்டா இவள ஒங்ககிட்டயே கொண்டாந்து விட்டுறலாமா?"

"தாராளமா கொண்டாங்க அண்ணே. மூணு வாரம் தனி வார்டு, அதுக்கு மட்டும் காசு."