மேருவில் ஒரு டாட்சன் இறங்குகிறது

பிக்கப் லோரியின் உடலைத் தரையோடு தரையாக இறக்கினாலும் சக்கரமும் அச்சும் இருந்த உயரத்தில்தான் இருக்கும். இறங்கிவரும் சேசிஸ் பின் அச்சின் மேல் போய் உட்காரும். ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு "லோ பண்ணியாச்சு" என்பவர்களின் வண்டி குழிக்குக் குழி ‘டங்’ என்று அடிப்பது இதனால்தான். முறையாகச் செய்கிறவர் சேசிஸின் பின்பாதியையே அறுத்தெடுத்து, அச்சுக்கு மேலே ஏறிப்போகும் புதிய ஒன்றைக் கட்டுவார். வண்டி இறங்க வேண்டுமானால் சேசிஸ் ஏற வேண்டும்.

அந்த வேலையைப் பார்க்கத்தான் கிள்ளானில், மேரு பக்கம் உள்ள ஒரு தகரக் கொட்டகைக்குப் போனேன். அக்கம்பக்கத்தில் எல்லாம் துறைமுக டிரெய்லர்களைப் பழுது பார்க்கும் கடைகள். நடுவே மூக்கறுந்த மாதிரி நின்றது ஒரு டாட்சன் 620. நிசான் 1972 முதல் 1979 வரை தயாரித்த சின்ன பிக்கப். கலிபோர்னியா இளைஞர்கள் இப்படிப்பட்ட ஜப்பானியக் குட்டி லோரிகளைத்தான் இறக்கி ஓட்டி ஒரு மோகத்தையே கிளப்பினார்கள். இங்கே அதன் சகோதரர்கள் சந்தைக்குக் காய்கறியும் தோட்டத்துக்கு உரமும் சுமந்தன.

பட்டறைக்காரர் அறுபதை நெருங்குகிறார். அப்பா ரப்பர் தோட்டத்து ஆலையில் ஃபிட்டர். இவர் லோரி சேசிஸ் நீட்டும் வேலையில் கைபழகியவர். உதவிக்கு ஒரு வங்காளதேசத்து இளைஞர். இருவருக்கும் பேச்சு மலாயில், திட்டு மட்டும் தமிழில்.

அங்கே பொறி பறக்கும் நேரம் குறைவு, அளக்கும் நேரம்தான் அதிகம். வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்தி மட்டம் பார்த்த பிறகு, சேசிஸின் முக்கியமான துளை ஒவ்வொன்றிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் குறிக்கிறார். கடைசியில் வண்டியின் நிழல்போலப் புள்ளிகள் மட்டும் சிமெண்டில் கிடக்கின்றன. மூலைக்கு மூலை டேப்பைப் பிடிக்கிறார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சேசிஸ் நேர். இந்த டாட்சனில் ஏழு மில்லிமீட்டர் இடித்தது. எப்போதோ வாங்கிய அடி.

"இத விட்டுட்டு மேல கட்டினா, கோணலுக்கு மேல கோணல். டயர் ஒரு பக்கமா தேயும். ஓட்டறவரு அலைன்மெண்டு கடைக்காரனத் திட்டுவாரு."

அடுத்து சுத்தியல். இரும்பைத் தட்டிக்கொண்டே போகிறார்; ‘ணங்’ என்பது ஓரிடத்தில் ‘தப்’ என்றாகிறது. வண்டி 2021 டிசம்பர் வெள்ளத்தில், ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிக் கிடந்ததாம். பெட்டிபோல் மூடிய இரும்புக்குள் புகுந்த சேறு வெளியே வர வழியில்லாமல் உள்ளிருந்தே தின்றிருக்கிறது. புதிய பாகத்தில் அவர் முதலில் குறித்தது நீர் வடியும் துளைகளை.

புதிய பின்பாதி செவ்வகக் குழாயில் ஆனது. பழைய இரும்போடு சேரும் இடத்தை நேர்க்குத்தாக வெட்டாமல் சாய்த்து வெட்டி, உள்ளே ஒரு துண்டைச் செருகி, வெளியே தகடு வைத்துப் பற்றவைக்கிறார். நேர்வெட்டில் பாரமெல்லாம் ஒரே கோட்டில் விழும், அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். வெல்டிங்கும் ஒரே மூச்சில் இல்லை. இடப்பக்கம் ஒரு விரற்கடை, வலப்பக்கம் ஒரு விரற்கடை, பிறகு ஆறவிட வேண்டும். சூடான இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். காலையில் நேராக இருந்தது மாலையில் வில்லாகிவிடும். இடையிடையே டேப் மறுபடி வெளியே வருகிறது.

பட்டை ஸ்பிரிங் போய்விட்டதால் அச்சைப் பிடித்துக்கொள்ள நான்கு இரும்புக் கரங்கள், அது பக்கவாட்டில் நகராமலிருக்கக் குறுக்கே ஒரு கம்பி, பாரம் தாங்கக் காற்றுப் பைகள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் இடம் விட வேண்டும்; அதன் இரு முனைக் கோணங்களும் ஈடாகாவிட்டால் வேகத்தில் வண்டி நடுங்கும். ஏறிய சேசிஸுக்கு வழிவிட்டுப் பின்தொட்டியின் தரையும் எழும்புகிறது. இனி அதில் நாலு மூட்டைகூட ஒழுங்காக அடுக்க முடியாது. சுமக்கப் பிறந்த வண்டியைச் சுமக்க முடியாமல் ஆக்குவது எனக்கு உறுத்தியது. சொன்னேன்.

"நாப்பது வருசத்துக்கு மேல சுமந்துச்சு சார். போதும் லா."

அவர் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: சக்கர வளையத்தின் அடி விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது. டயர் வெடித்தாலும் சேசிஸ் ரோட்டில் உரசக்கூடாது.

சேசிஸ் எண் பொறித்த முன்பகுதியில் அவர் கை வைப்பதில்லை. வண்டியின் அடையாளமே அந்த எண்தான். அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், பரிசோதனையும் வேண்டும். எந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் இரும்பு வாங்குவாராம். அந்தக் கடிதங்களுக்கு ஒரு தனிக் கோப்பு வைத்திருக்கிறார், வெல்டிங் மெஷினுக்கு மேலேயே.

சாயங்காலம் சொந்தக்காரர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தார். முப்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இன்னும் ஒரு இன்ச் இறக்கலாமா?"

"உங்க வீட்டு வாசல்ல போங்கோல் இருக்கா தம்பி?" வேகத்தடையைத்தான் கேட்டார்.

"ரெண்டு இருக்கு."

"அது எவ்வளவு உயரம்னு அளந்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

அவர் சிரித்துக்கொண்டே டேப்பைக் கடன் கேட்டார். பட்டறைக்காரர் தரவில்லை. எண்ணெய் டாங்கியை எங்கே மாட்டுவது என்று குறிக்க அது வேண்டியிருந்தது.