குறியும் மூலமும்

நோயைக் கண்டவுடன் நோயாளியைக் குறை கூறுவது நம்மவரிடையே மிகுந்த வழக்கமாயிருக்கின்றது. கால் வீங்கினால் ஊழ்வினை என்பார். சுரம் கண்டால் தெய்வக் குற்றம் என்பார். வேலைக்கு வராவிட்டால் சோம்பேறி என்பார். வெளியே தெரியும் குறியையே மூலமெனக் கொண்டு மயங்குவதால் வரும் கேடு இது. இதனை விளக்கத் தூர தேசத்து உதாரணம் வேண்டுவதில்லை. இம்மலாயா மண்ணில் நிகழ்ந்ததே போதும்.

1900-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளரைக் கொண்டுபோயிற்று. கால் மரத்து, வீங்கி, நடை தளர்ந்து, இறுதியில் இருதயம் ஓயும். ஈரத் தரையே காரணம் என்றனர் சிலர். கட்டடத்தில் தங்கிய தொற்று என்றனர் வேறு சிலர். ஆயினும் அதே நாட்டில், அதே மழையில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடம் அந்நோய் மிக அரிதாயிருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இவ்வேற்றுமையை உற்று நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டில் குத்திய அரிசி. எனவே பழி அரிசியின் மேலது என்றார்.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் இதனைச் சோதிக்கப் புகுந்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படை எண்ணினரை அதனையொத்த மற்றொரு கட்டடத்திலும் இருத்தினார். மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஒரு சாராருக்குச் சயாம் பச்சரிசி; மறு சாராருக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. சில மாதங்களில் பச்சரிசி உண்டோரிடம் நோய் கண்டது. அத்துடன் அவர் நின்றாரில்லை. கட்டடத்தின் குற்றமோ என்னும் ஐயம் எஞ்சியிருந்தமையால், 1906 ஜூனில் இரு சாராரையும் இடம் மாற்றினார். மாற்றிய பின்னும் பச்சரிசி உண்டோரிடமே நோய் தோன்றிற்று. அவருடைய ஆராய்ச்சியில் நாம் பெரிதும் மதிப்பது இந்த இடமாற்றத்தையே. அப்பேதை மக்களின் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும், அவருள் பலர் மாண்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அரிசியில் நஞ்சு ஏறியதாகப் பிராடன் நம்பினார். அது சரியன்று. பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் ஜாவாத் தொழிலாளரிடையே ஆராய்ந்து 1909-இல் அறிக்கை வெளியிட்டனர். தீட்டும்போது தவிட்டோடு உயிர்ச்சத்து ஒன்று போய்விடுவதே குற்றம் என்பது தொடர்ந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர் தீட்டினாலும் முற்றும் போவதில்லை. நம் முன்னோர் இதை அறிந்தா புழுக்கினர்? இல்லை. வழக்கம் காத்தது, அவ்வளவே. பெருமை பேச இடமில்லை.

மூலம் தவிட்டோடு முடிந்ததா? சுரங்கத் தொழிலாளி தன் அரிசியைத் தானே தேர்ந்து வாங்கியவனல்லன். முன்பணம் கொடுத்த முதலாளியே உணவையும் கொடுத்து, விலையை அவன் பேரில் எழுதினான். தீட்டிய அரிசியோ நெடுநாள் கெடாமல் மூட்டையில் கிடக்கும். வைத்தியரின் ஆராய்ச்சி தவிட்டில் நிற்கின்றது. கணக்கெழுதுவோன் கண்ணுக்கு அதற்கப்பால் பற்றுவரவுப் புத்தகமும் தெரிகின்றது.

மலேரியாவின் கதை இன்னும் நுட்பமானது. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் காட்டை வெட்டிச் சதுப்பு நீரை வடித்தார், சுரம் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியபோதோ சுரம் பெருகிற்று! கடலோரத்துக் கொசு நிழல் படிந்த நீரில் முட்டையிடுவது. மலைக் கொசு வெயில் படும் தெளிந்த ஓடையை நாடுவது. ஆகவே மலையில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே செலுத்த நேர்ந்தது. குறி ஒன்றாயினும் மூலம் இரண்டு.

இனி நமது மேசைக்கு வருவோம். நாம் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் பயின்றோம். ஒன்றற்கு ஆங்கிலப் பெயர் சொல்லிவிட்டால் அதனை அறிந்துவிட்டதாகவே எண்ணும் பழக்கம் அங்கே படிந்தது. புத்தகத்தில் 'ஆப்சென்ட்' என்று எழுதுவதும் அத்தகையதே. விடியலில் மழை பெய்து பால்மரத்துப் பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. நாட்கூலிக்காரனுக்கு வெட்டு இல்லையெனில் கூலி இல்லை. இலையுதிர் காலத்தில் பாலும் குறையும். அவ்விரு பருவங்களிலும் கடைப்பற்று ஏறுகின்றது. அடுத்து, பிள்ளை பள்ளிக்குப் போகும் நாள் குறைகின்றது. மேடை ஏறுவோரோ, தமிழனுக்குச் சிக்கனமும் தெரியாது, கல்வியில் நாட்டமும் இல்லை என்று முழங்கிவிட்டு இறங்குகின்றனர்.

கள்ளே யாவற்றிற்கும் மூலம் என்பாரும் உளர். கள் தீது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குடியாத குடும்பத்தின் பற்றும் அதே மாதங்களில் ஏறுவதற்கு அவர் என்ன விடை கூறுவார்?

பிற தோட்டத்துக் கிராணிமாருக்கு ஒரு வேண்டுகோள். மழை நாள், வராத நாள், கடைப்பற்று, பிள்ளைகளின் பள்ளி வருகை ஆகிய நான்கையும் மாதவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். குடிக்கும் வீடு, குடியா வீடு என இரு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயர்கள் வேண்டா. ஓராண்டுக் கணக்கு போதும். அடுத்த முறை மேடைப் பேச்சாளர் வரும்போது அத்தாளை அவர் கையில் கொடுப்போம்.