எதிர்த்திசையில் ஒரு நடை

ஊட்டி கோல்ஃப் மைதானத்தில் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர் ஒன்று உண்டு. கோர்ஸ் (gorse) என்று பெயர். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரியில் விட்டுப்போனது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில், ஞாயிறுதோறும் பந்தைத் தேடி அந்த முள்ளில் கையைக் கீறிக்கொண்டவன் நான். எழுபது வயதில், ஸ்காட்லாந்தில் இருக்கும் மகன், கோல்ஃபுக்குப் பேர்போன செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்கு அழைத்துப்போனான். அங்கே அதே செடி தன் சொந்த மண்ணில் பூத்துக் கிடந்தது. பழைய சிநேகிதரைக் கண்டதுபோல நின்றுவிட்டேன்.

அங்கே கடலுக்கும் கழனிக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டுப் புல்வெளியை லிங்க்ஸ் என்கிறார்கள். உழவுக்கு ஆகாத நிலம். ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, மக்கள் பந்து அடித்தார்கள். ஊர்மக்கள் அங்கே கோல்ஃப் ஆடும் உரிமையை 1552-லேயே ஒரு சாசனம் உறுதிசெய்திருக்கிறது. அங்குள்ள ஓல்ட் கோர்ஸ் என்ற மைதானம் ஒரே ஒருவர் படம் வரைந்து கட்டியதல்ல. காற்றும் காலடியும் உருவாக்கிய நிலத்தைத்தான் ஓல்ட் டாம் மோரிஸ் போன்ற மைதானப் பராமரிப்பாளர்கள் பின்னால் செப்பனிட்டார்கள். 1764-ல் அங்கே 22 குழிகளை 18 ஆகக் குறைத்தார்கள். இன்று உலகமே 18 குழி ஆடுகிறது.

அங்கே ஆட இடம் கேட்டுப் போட்ட குலுக்கலில் என் பெயர் விழுந்தது. நாற்பது வருட அனுபவம் இருக்கிறதே என்று, மட்டைப்பை சுமந்து வழிசொல்லும் ‘கேடி’ (caddie) யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டாவது குழிக்கு வந்தேன். எதிரே அகன்ற புல்வெளி, தடையாக ஒன்றும் கண்ணில் படவில்லை. நட்டநடுவில், நேராக, அன்றைய ஆட்டத்திலேயே சிறந்த அடியை அடித்தேன். நடந்துபோய்ப் பார்த்தால் பந்து ஒரு மணற்பள்ளத்தில் கிடக்கிறது. புல்கட்டிகளைச் செங்கல்போல அடுக்கிய செங்குத்துச் சுவர் முன்னால். பந்தோ சுவரை ஒட்டி. பின்பக்கமாக அடித்துத்தான் வெளியே வந்தேன். நேராக அடித்தவனுக்குத் தண்டனையா, இதெல்லாம் ஒரு மைதானமா என்று மனம் கொதித்தது.

அப்படிக் கொதித்தவர்களில் நான் முதல் ஆளில்லை. 1921-ல் அங்கே நடந்த ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் பத்தொன்பது வயது ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ், அதற்கு முந்தைய பதினொன்றாவது குழியில், பள்ளத்தில் சிக்கி, ஆட்டத்தையே முடிக்காமல் விலகிக்கொண்டார். ஆனால் அவர் திரும்பி வந்தார். 1927-ல் அதே மைதானத்தில் ஓப்பன் பட்டம் வென்றார். 1930-ல் அங்கேயே அமெச்சூர் பட்டமும். 1958-ல் அந்த ஊர் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக ஏற்றுக்கொண்டது. வெறுத்து வெளியேறிய இடமே அவருக்குச் சொந்த ஊரானது.

நான் ஆடியதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அங்கே பொதுவாக ஆட்டம் கிடையாது. மண்ணுக்கு ஓய்வு. ஊர்க்காரர்கள் நாய்களோடும் பிள்ளைகளோடும் புல்வெளியில் உலாவுகிறார்கள். நானும் மட்டை இல்லாமல், பதினெட்டாவது குழியிலிருந்து பின்னோக்கி நடந்தேன். பன்னிரண்டாவது குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் நின்று திரும்பிப் பார்த்தபோது திடுக்கிட்டேன். முந்தைய நாள் கண்ணில் படாத பள்ளங்கள் ஒவ்வொன்றும் வாய் திறந்து தெரிந்தன. ஒரு காலத்தில் அந்த மைதானத்தை எதிர்த்திசையில் ஆடினார்களாம். அந்தத் திசையிலிருந்து வருபவருக்கு அவை வெளிப்படையான பள்ளங்கள். யாரும் எனக்காக ஒளித்துவைத்தவை அல்ல.

அன்றுதான் அந்த அமைப்பின் அருமை புரிந்தது. அங்கே பெரும்பாலான குழிகளில் இடப்பக்கம் இடம் தாராளம், பயமில்லை. ஆனால் அங்கிருந்து குழியில் நட்ட கொடியை நோக்கி அடிப்பது கடினம். வலப்பக்கம் முட்புதரை ஒட்டி அடிக்கத் துணிந்தவனுக்கு அடுத்த அடி சுலபம். எந்த வழியையும் அது அடைக்கவில்லை. எடுக்கிற வழிக்கு உரிய விலையை மட்டும் கேட்கிறது. காற்று திரும்பினால் நேற்றைய நல்ல வழி இன்று ஆகாது. நல்ல மைதானம் என்று நான் இப்போது சொல்வது இதைத்தான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி ஆடினேன், இந்த முறை கேடியோடு. பன்னிரண்டாவது குழியில் அவர், “சின்ன மட்டை எடுங்கள் ஐயா, பள்ளத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்” என்றார். நிறுத்தினேன். நான்கே அடியில் பந்து குழிக்குள் விழுந்தது. மைதானம் மாறவில்லை, காற்றும் குறையவில்லை.

பிள்ளைகளே, உங்கள் வயதில் எனக்கும் சில பள்ளங்கள் அநியாயமாகத்தான் தெரிந்தன. கைநழுவிய பதவி உயர்வு, உறவில் விழுந்த விரிசல், நேர்மையாக நடந்தும் கிடைத்த அடி. இன்று பதினெட்டாவது குழியின் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்க்கிறேன். அவற்றில் பலவற்றை எனக்கு முன்னால் போனவர்கள் பார்த்திருந்தார்கள். நான்தான் கேட்கவில்லை.

ஒரு வேலையையோ, ஊரையோ, மனிதரையோ முதல் சுற்றிலேயே மோசம் என்று தீர்த்துவிடாதீர்கள். கோபம் தணிந்த ஒருநாள், கையில் மட்டை இல்லாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால், இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பள்ளம் எங்கே இருக்கிறது என்று.