மிதக்கும் பூச்சியும் அமிழும் பூச்சியும்

ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன் இந்நாட்டுக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தம் விளையாட்டின் பொருட்டு அதனைக் கடல்கடந்து கொணர்ந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டனர். மீனைக் கொணர முடிந்த அவர்களால் இளவேனிலைக் கொணர முடியவில்லை. அவ்விளையாட்டின் உயிர்நிலையோ இளவேனிலிலேதான் இருக்கிறது. அதனை அறிய விரும்புவோர் தென் இங்கிலாந்தின் ஹம்ப்ஷயர் பகுதிக்கே செல்லுதல் வேண்டும்.

அங்கே ரெஸ்ற், இச்சின் என இரு ஆறுகள் உள. மழைநீர் சுண்ணப்பாறையுள் இறங்கி, வடிந்து, ஊற்றாகப் பெருகி ஓடுவதால் அவற்றின் நீர் பளிங்கு போன்றது. ஆண்டு முழுவதும் வெப்பநிலையிற் பெரிய மாறுதலும் இராது. இத்தகைய ஆறுகளின் அடிச்சேற்றில் மேப் பூச்சியின் இளம்புழு ஏறத்தாழ இரண்டாண்டு மறைந்து வாழ்கிறது. மே மாத இறுதியில் அது மேலெழுந்து, நீர்ப்பரப்பிலே தோலுரித்துச் சிறகு பெறுகிறது. சிறகு பெற்ற பின்னரும் மீண்டும் ஒருமுறை தோலுரிப்பது இவ்வினத்துக்கே உரிய விந்தை. முதலில் மங்கிய சிறகு. பின்னர் கண்ணாடிச் சிறகு. அதன்பின் உணவில்லை, உண்ண வாயும் இல்லை. கூடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் நீரிலே வீழ்ந்து மடிகிறது. அந்நாட்களில் ட்ரவுட் மீன்கள் எச்சரிக்கை இழந்து மேலெழுந்து விழுங்குவதால், கைவன்மை அற்றோரும் மீன்பிடிக்கும் இருவாரம் என்று அப்பருவத்தை அங்குள்ளோர் எள்ளுவர்.

இறகும் நூலும் கொண்டு தூண்டில் முள்ளிலே பூச்சியைப் போலச் செய்து, அதனை நீரில் மிதக்கவிட்டு மீனை ஏய்ப்பதே இக்கலை. இதற்கு நூல் வகுத்தவர் பிரெடரிக் ஹல்போர்ட். 1886இலும் 1889இலும் வெளிவந்த அவருடைய நூல்கள் மிதக்கும் பூச்சியை ஒரு கொள்கையாகவே நிலைநாட்டின. மேற்பரப்பில் உண்ணும் மீனை முதலிற் காணவேண்டும். அது உண்ணும் பூச்சியை இனங்காண வேண்டும். அதன் போலியை மிதக்கவிட வேண்டும். ஹல்போர்டை வறட்டுப் பிடிவாதக்காரர் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அவர் தம் நண்பர் மறியற்றுடன் ஆற்றங்கரையில் ஆண்டுக்கணக்காகப் பூச்சிகளைச் சேர்த்து ஆராய்ந்தவர். ஆசிரியன் கண்டதைச் சீடர் விதியாக்கி, விதியை ஒழுக்கமாக்கி, ஒழுக்கத்தை மீறியவனைப் பதிதன் ஆக்குவது எங்கும் நிகழ்வதே. இலக்கண உரைகளோடு பழகிய தமிழ் மாணாக்கருக்கு இது புதிதன்று.

இச்சின் ஆற்றில் மீன்பிடித்துவந்த ஸ்கியூஸ் என்பார் இலண்டனில் ஒரு சட்டத்தரணி. சாட்சியத்தை நம்பும் தொழில். அவரும் மிதக்கும் பூச்சியிலே பயின்றவர்தான். ஒருநாள் மீன்கள் சுற்றிலும் எழுந்துகொண்டிருக்க, அவருடைய பூச்சியை ஒன்றும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மென்மையான இறகாற் செய்த வேறொன்றைக் கட்டினார். அது நனைந்து நீருள் அமிழ்ந்தது. அமிழ்ந்ததையே மீன் கௌவிற்று. தற்செயல் என்று அதனை விட்டுவிடுவோரே பெரும்பான்மையர். ஸ்கியூஸ் விடவில்லை. பிடித்த மீனின் தொண்டையுள், என்பு மச்சையைத் தோண்டியுண்ண உதவும் ஒடுங்கிய கரண்டியைச் செலுத்தி, வயிற்றிலிருந்ததை எடுத்து நீரிலே பரப்பிப் பார்த்தார். சிறகு முளைத்த பூச்சிகளிலும் மேலெழும் வழியிலேயே விழுங்கப்பட்ட இளம்புழுக்கள் மிகுதியாயிருந்தன. மேற்பரப்பில் மீன் எழுப்பும் வளையம் மேற்பரப்பு உணவுக்கே சான்றாகாது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1910இல் நூலாக எழுதினார். 1921இல் மேலும் விரித்தார். மிதக்கும் பூச்சியை அவர் கைவிடச் சொல்லவில்லை. மீன் கீழே உண்ணும்போது கீழே அளி என்றார், அவ்வளவே.

அவ்வளவும் பொறுக்கப்படவில்லை. ஏய்ப்பதில் நேர்மையான ஏய்ப்பு, நேர்மையற்ற ஏய்ப்பு என்று கனவான்கள் வகைபிரித்து வாதிட்டமை, கரையிலிருந்து பார்ப்பவருக்கு நகைப்பையே தரும். மீனுக்கு அதனால் யாதொரு வேறுபாடும் இல்லை. 1938ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலண்டனில் மீன்பிடிப்போர் கழகமொன்றிலே இதுபற்றி ஒரு விவாதம் நிகழ்ந்தது. ஸ்கியூசுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. அவை அவர்பக்கம் சாயவில்லை. 1883இல் முதன்முதல் தூண்டிலிட்ட அந்த நீரிலிருந்து, உடன் மீன்பிடித்தோருடன் மனக்கசப்பு முற்றிய நிலையில், அவ்வாண்டின் இறுதியிலே அவர் விலகினார்.

இன்று இளம்புழுவைப் போலச் செய்த முள் உலகெங்கும் வழங்குகிறது. எனினும் ஹம்ப்ஷயரின் சில நீர்களில் யூலைக்கு முன்னர் அதற்கு அனுமதியில்லை. ஸ்கியூஸ் 1949இல் மறைந்தார். அவருடைய சாம்பலை இச்சின் ஆற்றங்கரையிலேயே, அவர் நீங்கவேண்டியிருந்த அந்த இடத்திலேயே தூவினார்கள்.