வெளிச்சத்தின் விலை

கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் விளையாட்டில் கணிசமான பகுதி கூரைக்குக் கீழேதான் நிகழ்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளில் துடுப்பாட்டத்துக்கோ உதைபந்தாட்டத்துக்கோ போதுமான மைதானம் கிடைப்பது அரிதாகையால், பூப்பந்து, மேசைப்பந்து, கராத்தே, கூடைப்பந்து ஆகியவற்றை நோக்கிப் பிள்ளைகள் திரும்புவது இயல்பாகிவிட்டது; 1991 இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டமும், பாடசாலை மாணவியரிடையே பரவலாக ஆடப்படும் வலைப்பந்தாட்டமும் திறந்த வெளியில் பழகப்பட்டாலும், அவற்றின் பெரிய போட்டிகள் பல உள்ளரங்குக்கே வந்து சேர்கின்றன. கொழும்பு மேயராகவும் விளையாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயரைத் தாங்கிக் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் நிற்கும் உள்ளரங்கு இவற்றுக்கெல்லாம் தலைமையிடம் போன்றது. இத்தகைய அரங்குகளில் கமராவோடு வந்து அமரும் பெற்றோரும் பழைய மாணவரும் பாடசாலை ஊடகக் கழகப் பிள்ளைகளும் பெரும்பாலும் ஒரே முறைப்பாட்டையே சொல்கிறார்கள்: பிறந்தநாளிலும் தேர்த்திருவிழாவிலும் குறைவைக்காத கமரா, அரங்குக்குள் வந்ததும் மங்கலும் கலங்கலுமான படங்களைத் தருகிறது. கமரா பழசாகிவிட்டது, புதிது வாங்கவேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் விரைவில் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவு பல வேளைகளில் தவறானது. பணம் செலவாக வேண்டிய ஒழுங்கு வேறு.

ஒழுங்கை அறிவதற்கு முதலில் வெளிச்சத்தை அறிய வேண்டும். மனிதக் கண் இருளுக்கும் ஒளிக்கும் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதால், விளக்குகள் எரியும் மண்டபம் நமக்கு வெளிச்சமாகவே தோன்றுகிறது. ஆனால் நண்பகல் வெயிலில் நிலத்தில் விழும் ஒளியோடு ஒப்பிட்டால், சாதாரண பாடசாலை மண்டபத்தின் ஒளி அதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இந்தக் குறைந்த ஒளியில் அசையாத பொருளைப் படமெடுப்பது எளிது. கமராவின் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டுப் பின் தடுக்கும் திரை, சற்று அதிக நேரம் திறந்திருந்தால் போதும். குத்துவிளக்கு ஏற்றும் பிரதம விருந்தினரின் படம் நன்றாக வருவதும் அடுத்த நிமிடத்தில் தொடங்கும் ஆட்டத்தின் படம் கலங்குவதும் இதனால்தான். செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் ஓடும் பிள்ளை, ஷட்டர் ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கையில் எட்டுச் சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுகிறது. அவ்வளவு நகர்வில் முகம் முகமாக இராது. அதே ஓட்டத்தை ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் பிடித்தால் நகர்வு ஒரு சென்ரிமீற்றராகச் சுருங்குகிறது. கூடைப்பந்துக்கும் வலைப்பந்துக்கும் இந்த ஐந்நூற்றில் ஒன்று ஏறத்தாழக் கீழெல்லை எனலாம். பூப்பந்தில் ஓங்கி அடிக்கும் கையைத் தெளிவாகப் பிடிக்க ஆயிரத்தில் ஒன்று வேண்டும். ஆனால் நேரத்தை எட்டில் ஒன்றாகக் குறைத்தால் உள்ளே வரும் ஒளியும் எட்டில் ஒன்றாகிறது. குறைந்த அந்த ஒளியை எங்கிருந்து மீட்பது என்பதே உள்ளரங்கப் படப்பிடிப்பின் முழுச் சிக்கலும் ஆகும்.

மின்னல் விளக்கு, அதாவது ஃபிளாஷ், இதற்கு விடையாகாது. பந்தின்மீதோ பூப்பந்தின்மீதோ கண்ணை வைத்திருக்கும் பிள்ளையின் முகத்தில் திடீரென ஒளி பாய்வது ஆட்டத்தைக் குலைப்பதோடு ஆபத்தையும் விளைவிக்கக்கூடும்; நடுவர்கள் அதைத் தடுப்பது நியாயமே. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து அரங்குகளில் கூரைச் சட்டங்களில் வலுவான மின்னல் விளக்குகளை முன்கூட்டியே பொருத்திவைத்துப் படமெடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்த வசதி நம் பாடசாலை அரங்குகளுக்கு உரியதல்ல. மற்றொரு வழி உணர்திறனை உயர்த்துவது. ஃபிலிம் காலத்துப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள், 1954 இல் 35 மில்லிமீற்றர் அளவில் வெளிவந்த கொடாக் ட்ரை-எக்ஸ் போன்ற ஃபிலிமை, அதற்கு விதிக்கப்பட்ட 400 என்ற உணர்திறனுக்கு மேலாக 1600 என்று கருதிப் படமெடுத்து, இருட்டறையில் கழுவும் நேரத்தை நீட்டி ஈடுசெய்தார்கள். படத்தில் மணல்போன்ற பொரிகள் தெரிந்தன. ஆயினும் பந்தும் முகமும் கிடைத்தன. இன்றைய கமராவில் ஐ.எஸ்.ஓ. என்று குறிக்கப்படும் எண் அந்த உணர்திறனின் வழித்தோன்றல். அதை உயர்த்தினால் படம் பிரகாசமாகும், பொரிகளும் கூடும். ஆனால் பொரிகளுக்கு மூலகாரணம் ஐ.எஸ்.ஓ. எண் அன்று, ஒளியின் பற்றாக்குறையே. பொரிக்கு அஞ்சி ஷட்டர் நேரத்தை நீட்டுபவர் தவறான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறார். ஏனெனில் பொரி விழுந்த கூர்மையான படத்தைப் பிற்பாடு ஓரளவு திருத்தலாம், கலங்கிய படத்தைத் திருத்த வழியில்லை.

எஞ்சியிருக்கும் வழி லென்ஸ். லென்சுக்குள் ஒளி நுழையும் துவாரத்தின் அளவு எஃப் எண்ணால் குறிக்கப்படுகிறது; எண் சிறிதாக ஆக, துவாரம் பெரிதாகிறது. கமராவோடு சேர்த்து விற்கப்படும் 18–55 மில்லிமீற்றர் லென்ஸ், தூரத்தை அருகிழுக்கும் முனையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல் நான்கு மடங்கு ஒளியையும், எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியையும் உள்ளே விடும். ஒரு மண்டபத்தில் பழைய லென்ஸ் ஐ.எஸ்.ஓ. 12800 கேட்கும் என்றால், அதே கமராவில், அதே ஷட்டர் வேகத்தில், எஃப் 1.8 லென்சுக்கு 1300 அளவே போதும். எந்தப் புதிய கமராவும் ஒரே தாவலில் இந்த வேறுபாட்டைத் தந்ததில்லை. 2007 இல் நிக்கொன் டி3 வெளிவந்தபோது இருட்டில் படமெடுக்கும் ஆற்றலில் பெரும் பாய்ச்சல் என்று கொண்டாடப்பட்டது; அதற்குப் பின்னர் வந்த முன்னேற்றங்கள் சிறுசிறு படிகளாகவே வந்திருக்கின்றன. மாறாக, 1992 இல் வெளியான கெனன் 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ், வெறும் 425 கிராம் எடையுடையது, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கூடைப்பந்துத் திடலோரத்தில் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. உணரி, அதாவது ஒளியைப் பதியும் சில்லு, சிறிதாக உள்ள கெனன் கமராவில் அதே லென்ஸ் 136 மில்லிமீற்றர் லென்ஸின் பார்வைக்கோணத்தைத் தருவதால், அரைத்திடல் தூரம் அதற்கு எட்டும். இதைவிடச் சிறிய செலவில் தொடங்க விரும்புபவருக்கு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 உண்டு. தொழில்முறைப் படப்பிடிப்பாளர் தோளில் தொங்கும் 70–200 மில்லிமீற்றர் எஃப் 2.8 மிகச் சிறந்ததே. ஆனால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள அதை ஒரு பிள்ளையின் பருவகாலப் போட்டிகளுக்காக வாங்குவது அவசியமற்றது.

பெரிய துவாரத்துக்கு ஒரு விலையும் உண்டு. 85 மில்லிமீற்றர் லென்சை எஃப் 1.8 இல் திறந்து, ஐந்து மீற்றர் தூரத்தில் நிற்பவரைக் குவித்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு முழத்துக்கும் குறைவு. வலைப்பந்தில் இதன் பொருளை நெருங்கிப் பார்க்கலாம். கோல் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், பின்பலகை இல்லாமல் நிற்கிறது, எய்பவள் பந்தைப் பெற்று மூன்று செக்கனுக்குள் எய்துவிட வேண்டும், தடுப்பவள் 0.9 மீற்றர் விலகி நின்று கைகளை உயர்த்துகிறாள். அந்த மூன்று செக்கனில் எய்பவளின் கண்கள் முதலில் பந்தையும் பின்னர் வளையத்தையும் நாடுகின்றன. மணிக்கட்டு பின்னே மடிந்து, விரல் நுனிகள் பந்தை ஏந்தி நிற்கும் ஒரு கணம் ஆட்டம் முழுதும் நின்றுபோனதுபோல் இருக்கும். படத்தின் உயிர் அக்கணத்தில் இருக்கிறது. ஆனால் கமராவின் குவியம் முன்னே உயர்ந்த தடுப்பவளின் கையில் விழுந்தால், ஒரு முழ ஆழத்துக்குள் எய்பவளின் முகம் அடங்காது. ஆகவே நிற்கும் இடம் முக்கியமாகிறது: கோல் கோட்டுக்குப் பின்னே, கம்பத்துக்குச் சற்று ஒரு பக்கமாக, தாழ அமர்ந்து நிமிர்ந்து நோக்கினால், தடுப்பவளின் முதுகு மறைக்காமல் எய்பவளின் கண்கள் கிடைக்கின்றன. யாழ்ப்பாண மண்ணிலிருந்து வந்து, 2018 இல் சிங்கப்பூரில் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அதன் முதுகெலும்பாக நின்று, 2019 உலகக் கிண்ணப் போட்டிகளில் மிக அதிகமான கோல்களை எய்த தர்ஜினி சிவலிங்கம் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையவர். அத்தகைய ஒருவரின் எய்தலைப் பாதம் முதல் வளையம் வரை அடக்க, கமராவை நெடுக்காகத் திருப்பியே பிடிக்க வேண்டும். அவரைப் பார்த்து வலைப்பந்துக்கு வந்த சிறுமியரின் படங்களும் அந்த மரியாதையோடு எடுக்கப்பட வேண்டியவையே. இடத்துக்கான அனுமதியை நடுவரிடமும் பயிற்றுநரிடமும் ஆட்டம் தொடங்குமுன் கேட்டுப் பெறுவதற்குச் செலவு எதுவும் இல்லை. பல வேளைகளில் அது ஒரு புதிய லென்சுக்குச் சமமான பயனைத் தருகிறது.

அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளுப்பாகவும் அடுத்தது செம்மஞ்சளாகவும் வருவதைக் கண்டு கமரா பழுதென்று திருத்தக் கொடுத்தவர்கள் உண்டு. பழுது கமராவில் இல்லை. இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது முறை அலைவதால், பழைய குழல் விளக்குகளும் அரங்குகளின் வாயு மின்னிறக்க விளக்குகளும் தரங்குறைந்த எல்.ஈ.டி. விளக்குகளும் செக்கனுக்கு நூறு முறை ஏறி இறங்கி எரிகின்றன. ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறக்கும் ஷட்டர், அந்த ஏற்றத்தில் ஒரு முறையும் இறக்கத்தில் மறு முறையும் திறக்கிறது. 2014 இல் வெளிவந்த கெனன் 7டி மார்க் 2 முதலாக, விளக்கின் உச்சத்தைக் கணித்து அந்நேரத்தில் மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதி கமராக்களில் இடம்பெறத் தொடங்கியது. கமராவின் உடலை மாற்றுவதற்கு உண்மையான காரணங்கள் என்று இந்த வசதியையும், ஓடும் முகத்தை விடாது தொடரும் தானியங்கிக் குவியத்தையும், பெரிய உணரியையும் சொல்லலாம். இருபத்துநான்குக்கு முப்பத்தாறு மில்லிமீற்றர் அளவான முழு உணரி, சிறிய உணரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பரப்பில் ஒளியை ஏற்கிறது. ஆயினும் இவை லென்சுக்குப் பின்னரே வரவேண்டியவை. ஓசையில்லாமல் இயங்கும் மின்னணு ஷட்டரை விரும்பி வாங்குபவர், மேற்சொன்ன விளக்குகளின் கீழ் அது படத்தில் குறுக்குப் பட்டைகளை விழுத்தக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

செலவின் ஒழுங்கைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2022 இன் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு இருநூறு ரூபா அளவில் இருந்த நாணயமாற்று, அதே ஆண்டின் மே மாதத்துக்குள் முந்நூற்று அறுபதை எட்டியது. இறக்குமதியாகும் கமராவை நடுத்தரக் குடும்பம் ஒன்று நினைத்தவுடன் வாங்கும் காலம் அத்தோடு போய்விட்டது. அதே வேளையில், 2018 முதல் கெனனும் நிக்கொனும் மிரர்லெஸ் எனப்படும் ஆடியில்லாக் கமராக்களுக்குத் தீவிரமாகத் திரும்பியதால், பழைய வகை லென்ஸ்கள் இரண்டாங்கைச் சந்தைக்கு நிறைய வருகின்றன. இது வாங்குபவருக்குச் சாதகமானது. ஆனால் கொழும்பின் ஈரக் காற்று, குறிப்பாகக் கடலை ஒட்டிய வெள்ளவத்தையின் உப்புக் காற்று, லென்சுக்குப் பகை. மூடிய அலுமாரியில் தோல் பைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்த லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சணம் சிலந்தி நூல்போல் படர்ந்திருக்கும். துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து கைபேசியின் விளக்கை அடித்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும், பார்க்காமல் வாங்கக்கூடாது. நிக்கொனின் தொடக்கநிலைக் கமராக்கள் பலவற்றில் குவியத்தை இயக்கும் மோட்டார் உடலில் இல்லையாகையால், பழைய ஏ.எஃப்.-டி வகை லென்ஸ்கள் அவற்றில் தாமாகக் குவியா என்பதும் வாங்குமுன் அறியவேண்டியது. வாங்கிய பின், காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

படத்தை எடுத்த பின் கணினியில் பொரிகளை நீக்குவது 2023 இல் அடோபி லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவு கொண்ட வசதி சேர்ந்ததிலிருந்து வியக்கத்தக்க அளவில் எளிதாகியுள்ளது. அதற்கு ரோ எனப்படும் பதப்படுத்தாத கோப்பாகப் படங்களைச் சேமித்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை.

இவை எல்லாவற்றுக்கும் மேலான பொறுப்பு ஒன்று உண்டு. படத்தில் இருப்பவர்கள் சிறுவர்கள். தன் பிள்ளையைப் படமெடுக்கும் பெற்றோரின் சட்டகத்துக்குள் எதிரணிப் பிள்ளையும் வருகிறது. தோற்று அழும் முகமும், விழுந்து ஆடை விலகிய நிலையும் கூர்மையான லென்சில் இன்னும் கூர்மையாகவே விழும். அத்தகைய படத்தை அழித்துவிட வேண்டும். மற்றவரின் பிள்ளை தெளிவாகத் தெரியும் படத்தை, அதன் பெற்றோரின் சம்மதமின்றி முகநூலிலோ வேறெங்குமோ இடக்கூடாது. பாடசாலைகள் இதை எழுத்தில் விதியாக்குவது நன்று.

நல்ல லென்ஸ் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக இருக்க வேண்டியதும் இல்லை. கொழும்பின் பல பாடசாலைகளில் ஊடகக் கழகங்களும் படப்பிடிப்புக் கழகங்களும் இயங்குகின்றன. அவற்றின் பிள்ளைகள் கடன் வாங்கிய கமராவோடும் கைபேசியோடும் போட்டிகளுக்கு ஓடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆண்டுதோறும் பாடசாலைக்கு உதவி அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள், அடுத்த முறை பரிசுக் கிண்ணங்களுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றையும் அதை வைக்க ஈரங்காக்கும் பெட்டி ஒன்றையும் அந்தக் கழகத்தின் பெயரில் வாங்கிக் கொடுக்க வேண்டும். யார் எடுத்துச் சென்றார், எப்போது திருப்பித் தந்தார் என்று எழுத ஒரு பதிவேட்டையும் உடன் கொடுத்தால், அடுத்தடுத்து வரும் மாணவ அணிகள் பல அதைக்கொண்டு தம் தோழரின் ஆட்டங்களைப் பதிவுசெய்யும்.